பொகை வீட்டுல வெச்ச ரத்தம்

உக்காருங்க கேதரின் அக்கா, ஏன் எழுந்திருக்கிறீங்க. கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்குற வீட்டுல மூத்தவ கல்லு மாதிரி உக்காந்திருந்தா யாரா இருந்தாலும் கேக்கத்தான் செய்வாங்க. நீங்களாச்சும் மொகத்துக்கு நேரா கேட்டீங்க. இதுக்கு முன்னாடி வந்தவங்க கடையில விசாரிச்சு, கோயில்ல ஃபாதர்கிட்ட விசாரிச்சு, அப்படியே பஸ் ஏறிப் போயிட்டாங்க. கோப்பி குடிங்க, ஆறிடும். அம்மா பின்னால பலகாரம் சுடுறாங்க, அவங்களுக்குக் காது மந்தம், நாம பேசுறது கேக்காது. ஜேன் கடைக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிடுறேன். உங்க தம்பி டெஸ்மண்டுக்கு அவள எடுக்கிறதா வேணாமான்னு அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

வெளிய மரத்தடியில மோட்டார்மேல உக்காந்திருக்கிறது யாரு? உங்க அண்ணனா. அவருதான் ஏத்திக்கிட்டு வந்தாரா. உள்ள வரச் சொல்லுங்களேன், வெயிலு. வெக்கமா? சரி விடுங்க. அங்க நெழல் இருக்கு, செவப்பு எறும்பும் இருக்கு, கொஞ்ச நேரத்துல அவரே வந்திடுவாரு.

முதல்ல இந்த ரத்தச் சங்கதியப் பேசி முடிச்சிடுவோம்லா. எங்க தோட்டத்து லயத்துல குடியிருக்கிற பொம்பளைங்க ரத்தத்துல எல்லாம் ரெட்டிப்பா இருக்கு, கட்டிக்கிட்டா ரெண்டு தலையோட புள்ள பொறக்கும்னு சொல்லியிருப்பாங்க. அதானே? மெர்போக் பக்கம் மூணு தலைன்னு சொன்னாங்களாம். தூரம் போகப் போகத் தலை கூடிக்கிட்டே போகுது. அலோர் ஸ்டார் போய்ச் சேர்றப்ப ராவணனே பொறந்திருப்பான்.

நான் மருந்தடிக்கிற கும்பல்ல இருந்தேங்க்கா. லாலாங்கு, மத்த புல்லு எல்லாத்துக்கும் அடிக்கிற மருந்து. நானு, பாப்பம்மா அக்கா, செல்லாயி அக்கா, இன்னும் ஒரு பத்துப் பேரு. காலையில பெரட்டுல வரிசையா நின்னு பேர் குடுத்துட்டு, பம்ப முதுகுல மாட்டிக்கிட்டு பால் வெட்டுற கித்தா மரத்துக்கு நடுவுல நடந்துக்கிட்டே அடிக்கணும். பம்பு ஒண்ணும் புதுசு இல்ல, எல்லாம் ஒழுகும். மருந்துத் தண்ணி முதுகுல வடிஞ்சு, இடுப்புல வடிஞ்சு, சாரோங்குல எறங்கும். நகம் வெள்ளையாயி தன்னால கழண்டு விழும். ஒரு தடவ செல்லாயி அக்கா நகம் சோத்துக்குள்ள விழுந்திடுச்சு. எடுத்து வெளிய போட்டுட்டு மிச்சத்தச் சாப்பிட்டாங்க. நான் அந்த வேலைய வெறுத்தேன்னு சொல்ல மாட்டேன். மத்தியானத்தோட முடிஞ்சிடும். பால் வெட்டுறவங்க மாதிரி மழையப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம்.

எம்பத்திரெண்டு கடைசியில பினாங்குல இருந்து ஒரு சீனத்து டாக்டரம்மா வந்தாங்க. சின்ன வயசு, மூக்குக் கண்ணாடி, மலாய்ல பேசுவாங்க. மருந்தடிக்கிற பொம்பளைங்க ரத்தத்தப் பாக்கணும்னாங்க. என்னத்துக்குன்னு கேட்டோம். நம்ம ஒடம்புல ஒவ்வொரு உசிரணுவுக்குள்ளயும் குரோமோசோம்னு துண்டு துண்டா நூல் மாதிரி இருக்காம், மொத்தம் நாப்பத்தாறு, எல்லாம் ஜோடி ஜோடியா. அதுதான் ஒரு முழு செட்டு. ஒடம்புக்கு வெசமோ சூடோ வேற தொந்தரவோ வந்தா அந்த செட்டு கலைஞ்சு போகுமாம். எப்படிக் கலையும்னு பாப்பம்மா அக்கா விடாம கேட்டாங்க. அந்தம்மா பொறுமையா சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சத சொல்றேன். அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போறாங்கன்னு வெச்சுக்குங்க. சட்டி, பானை, கரண்டி எல்லாத்துலயும் இன்னொரு செட்டு வாங்கி வெச்சிட்டாங்க. போற நேரத்துல ஏதோ கஷ்டம், வீடு அமையல. ரெண்டு செட்டு சாமானும் ஒரே வீட்டுல கெடக்குது. அணுவும் அப்படித்தானாம். ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ரெட்டிப்பாக்கி வெச்சுக்கும். கஷ்டம் வந்தா பிரிய முடியாது. நாப்பத்தாறு இருக்க வேண்டிய எடத்துல தொண்ணூத்திரெண்டு நிக்கும். சில சமயம் சாமான் ஒடைஞ்சும் போகும்.

எங்ககிட்ட மட்டும் எடுத்தா போதாதாம், மருந்து பக்கமே போகாத ஆளுங்ககிட்டயும் எடுக்கணுமாம், ஒத்துப் பாக்குறதுக்கு. அதுக்கு ஜேன் கைய நீட்டினா. அவ அப்பவே சுங்கை பட்டாணியில ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தா, இன்னிவரைக்கும் பம்பத் தொட்டது இல்ல. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி குடுத்தாரு. தோட்டத்து ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு மருந்து குடுக்கிற டிரெசர் பரஞ்சோதியும் குடுத்தாரு. டிரெசர் ஊசியப் பாத்து மயக்கம் போட்டாரு, அது வேற கத.

எல்லார் ரத்தத்தையும் சின்னச் சின்ன போத்தல்ல ஊத்தி, அதுங்களுக்கு ஏதோ தீனித் தண்ணியும் கலந்தாங்க. மூணு நாள் வெதுவெதுப்பா வெச்சிருந்தா அணு வளருமாம். அன்னிக்கே பினாங்குக்கு எடுத்துட்டுப் போறதா ஏற்பாடு. ஆனா அன்னிக்குப் பாத்துத்தான் அந்தப் பெரிய தண்ணி. உங்களுக்குத் தெரியாததா, உங்க ஊரு திகாம் பத்துல, உங்க வீட்டுக்குள்ள கூட வந்திருக்குமே. முட்டி வரைக்குமா? பாருங்க. அந்தம்மா ஒரு லோரியில ஏறி எப்படியோ போயிட்டாங்க, போத்தல் வெச்ச பொட்டிய மட்டும் நனைஞ்சிடும்னு டிரெசர்கிட்ட குடுத்தாங்க. ஐஸ்ல வெக்காதீங்க, ஆற விடாதீங்க, ஒடம்புச் சூட்டுலயே வெச்சிருங்க, ரோடு தெறந்ததும் ஆள் அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

டிரெசர் நல்ல மனுஷன், பொறுப்பானவரு. அதுதான் வெனை. ஆஸ்பத்திரியில வெச்சா ராத்திரி ஜெனரேட்டர நிறுத்தினதும் குளிர்ந்திடும், மழை வேற. தோட்டத்துலயே ராப்பகலா சூடு ஆறாத எடம் எதுன்னு யோசிச்சிருக்காரு. ரப்பர் ஷீட்டக் காய வெக்கிற பொகை வீடு. கடைசி ரூமுக்குள்ள கைய விட்டுப் பாத்தாராம், அவரு கணக்குக்கு சரியா ஒடம்புச் சூடு. பொட்டியப் பிரிச்சு, போத்தல எல்லாம் ஒரு ரோத்தான் பிரம்புக் கூடையில அடுக்கி, ஷீட்டுக்கு நடுவுல தொங்க விட்டுட்டாரு. மழையில ஷீட்டு காயலேன்னு அடுப்புக்காரன் அந்த மூணு நாளும் வெறகத் தள்ளிக்கிட்டே இருந்திருக்கான். எங்க ரத்தம் ரப்பர் ஷீட்டோட சேந்து பதமா வெந்திருக்கு.

ரோடு தெறந்து போத்தல் பினாங்கு போச்சு. கொஞ்ச நாள்ல டிரெசருக்கு ஃபோன் வந்துச்சு. மருந்தடிக்கிறவங்க போத்தல்தான் முதல்ல பாத்தாங்களாம். எல்லார்க்கும் ரெட்டிப்பு. அணுவுக்கு அணு தொண்ணூத்திரெண்டு. அந்தம்மா இன்னும் பாக்கணும், இப்ப ஒண்ணும் பேசாதீங்கன்னுதான் சொன்னாங்களாம். டிரெசர் பேசல, அழுதாரு. அவரு ஏன் அழுவுறாருன்னு கேட்டுக் கேட்டே லயம் முழுக்கத் தெரிஞ்சிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள யூனியன்காரருக்குத் தெரிஞ்சு, மறுநாள் தோட்டத்து மேனேஜர் தொரைக்குத் தெரிஞ்சுது.

தொரை பயந்துட்டாரு. பேப்பர்ல வந்திடுமோன்னு பயம். ஒரே வாரத்துல கையொறை வந்துச்சு, பூட்ஸ் வந்துச்சு, மூஞ்சிக்கு மூடி வந்துச்சு. ஒழுகுற பம்பெல்லாம் தூக்கிப் போட்டாங்க. ஒரு மாசம் மருந்தடிச்சா அடுத்த மாசம் வேற வேலை, சோப்பு வெச்சுக் குளிக்க ஒரு கொழாய். இத்தன வருஷமா நாங்க கேட்டுக் கெடைக்காததெல்லாம் நாங்க கேக்காமலே வந்துச்சு. ஒரு பக்கம் சந்தோஷம்தான். இன்னொரு பக்கம், லயத்துல பேசி வெச்சிருந்த கல்யாணம் ஒண்ணொண்ணா நின்னு போச்சு. பாப்பம்மா அக்கா மகளுக்குப் பூவே வெச்சிட்டாங்க, அதத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்க. ஜேன் பேரும் அதுல அடிபட்டுச்சு, ரத்தம் குடுத்தவதானே.

இருங்க, கத இன்னும் முடியல. அடுத்த மாசம் மிச்ச போத்தலையும் பாத்திருக்காங்க. ஜேனுக்கும் ரெட்டிப்பு. நாளெல்லாம் நாற்காலியில உக்காந்திருக்கிற கிராணிக்கும் ரெட்டிப்பு. டிரெசருக்குத்தான் எல்லாரையும் விட அதிகமாம். அந்தம்மாவுக்கு அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு. அதோட போத்தல் வந்ததுல இருந்தே லேப்புல கருவாட்டு வாசம் அடிச்சுதாம். எஸ்டேட் ஆளுங்க ரத்தம்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு யாரும் வாயத் தெறக்கல. மரியாதையான ஆளுங்க. அந்தம்மா நேரா கெளம்பி வந்து, போத்தல எங்க வெச்சீங்கன்னு டிரெசரக் கேட்டாங்க. அவரு பெருமையா முன்னாடி நடந்து போய் பொகை வீட்டுக் கதவத் தெறந்து காட்டினாரு. நானும் அங்கதான் நின்னேன். அந்தம்மா ஷீட்டப் பாத்துட்டு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சு, மறுபடி மாட்டிக்கிட்டாங்க. திட்டல. சூட்டுல அணு பிரியறதுக்குத் தெம்பு இல்லாம நின்னு போயிருக்கு, இது மருந்தே இல்ல, அடுப்புன்னாங்க.

அப்புறம் எல்லார்க்கும் மறுபடி ரத்தம் எடுத்தாங்க. இந்தத் தடவ அந்தம்மாவே மடியில வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வந்து, ஆஸ்பத்திரி ரூமுல ஒவ்வொருத்தரா கூப்பிட்டு சொன்னாங்க. உள்ள போனவங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாங்க. ஜேனுக்கு நாப்பத்தாறு, சுத்தமா, ஒரு கீறல் இல்ல. உங்களுக்கு சந்தேகமா இருந்தா அந்தம்மா பேரு சொல்றேன், பினாங்குக்கே போய்க் கேளுங்க.

பின்ன ஏன் வெளிய சொல்லலேன்னு கேக்கிறீங்களா? அங்கதான் அக்கா சங்கதியே இருக்கு. மறுநாள் லோரியில போறப்ப செல்லாயி அக்காதான் ஆரம்பிச்சாங்க. நம்ம ரத்தம் நல்லாருக்குன்னு தொரைக்குத் தெரிஞ்சா கையொறை இருக்குமான்னு கேட்டாங்க.  பழைய பம்பு எல்லாம் இன்னும் ஸ்டோருக்குப் பின்னாலதான் கெடக்குது, எடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆகும். பாப்பம்மா அக்கா மகளுக்காக ரொம்ப அழுதாங்க, அழுதுட்டு, சரி வாய மூடிக்குவோம்னு அவங்களே சொன்னாங்க. டாக்டரம்மாகிட்ட போய்க் கேட்டோம். நான் பொய் சொல்ல மாட்டேன், தொரை கேட்டா உள்ளத சொல்லிடுவேன்னாங்க. தொரை இன்னிவரைக்கும் கேக்கல. கேட்டா எங்க இன்னும் மோசமா சொல்லிடுவாங்களோன்னு அவருக்குப் பயம்.

அப்புறம் என்ன, கல்யாணம் பேச வர்றவங்களுக்கு மட்டும் ரகசியமா சொல்லுவோம்னு வெச்சுக்கிட்டோம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு சொல்லுவோம். பாப்பம்மா அக்கா மக கல்யாணம் போன வருஷம் நல்லபடியா முடிஞ்சு, புள்ளையும் பொறந்திடுச்சு, ஒரு தலைதான். இப்ப நீங்களும் சத்தியம் பண்ணணும். பெடோங்ல இருந்து குருண் வரைக்கும் இந்த ரகசியம் தெரியாத ஒரே ஆளு எங்க தொரைதான்.

என் விஷயமா? என்னத்தச் சொல்ல. எனக்கும் ரெண்டு எடம் வந்துச்சு, கையொறை வந்ததுக்கு அப்புறமும் வந்துச்சு. ஒருத்தரு சிரிச்சா சத்தமே வராது, அது எனக்குப் பிடிக்கல. இன்னொருத்தரு நல்லவருதான், மூக்குதான் கொஞ்சம் பெரிசு. அம்மா என்னத் தொடப்பத்தாலயே அடிச்சாங்க. இருவத்தொம்போது ஆகுது எனக்கு. எனக்கு முடியட்டும்னு ஜேன் காத்துக்கிட்டு இருக்கா, அது நல்லாவா இருக்கு. அதனால நானே அம்மாகிட்ட சொல்லிட்டேன், அவளுக்கு முதல்ல முடிங்கன்னு. இப்ப மருந்தடிக்கப் போறது இல்ல. இடுப்பு வலின்னு வேலை பிரிச்சுக் குடுக்கிற மண்டோர்கிட்ட சொல்லி நர்சரிக்கு மாத்திக்கிட்டேன். கன்னுக்குத் தண்ணி ஊத்துறது.

என்னக்கா சிரிக்கிறீங்க. யாருக்கு?

உங்க அண்ணனுக்கா. அதுக்குத்தான் மரத்தடியில உக்கார வெச்சிருக்கீங்களா. போன ஈஸ்டர் பூசையிலயே என்னப் பாத்தாரா? எனக்குத் தெரியாது.

தெரியும். சும்மா சொன்னேன். மெழுகுவத்தி அணைஞ்சு போச்சுன்னு என்கிட்ட வந்து பத்த வெச்சுக்கிட்டாரு. பக்கத்துலயே வேற நெறைய பேரு எரியிற மெழுகுவத்தியோட நின்னாங்க. மனைவி தவறி மூணு வருஷமாச்சுன்னு சொன்னாங்க. புள்ள இல்லாம போச்சேன்னுதான் அவருக்குக் கவலை, உங்க அம்மாவுக்கும் பேரப்புள்ளையப் பாக்கணும். அப்படித்தானே? நியாயம்தான். எனக்கு ஆசை இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேங்க்கா. நெறைய இருக்கு. அவரு சிரிச்சா சத்தம் வருது, அதையும் கேட்டேன்.

ஜேனுக்கு முடிவு சொல்லுங்க முதல்ல. சம்மதம்தானே? எதுவா இருந்தாலும் மாற மாட்டீங்களே? நான் இப்ப சொல்லப் போறதுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல. இது கூடப் பொறந்து வர்றது இல்ல, பம்பு தூக்கின முதுகோட வந்தது. அவ பம்பு பக்கமே போனது இல்ல.

உங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வாய் வராது. ரெண்டாந்தடவ எடுத்த ரத்தம் பொகை வீட்டுக்குப் போகல இல்லையா. அதுல மத்தவங்க எல்லார்க்கும் சரியா இருந்துச்சு. என்னோடது சரியா இல்ல. சிலதுல ரெட்டிப்பு, நெறையதுல ஒடைஞ்சு, ஒண்ணோட துண்டு போய் இன்னொண்ணுல ஒட்டிக்கிட்டு. அந்தம்மா படம் காட்டினாங்க. ரத்தத்துல இருக்கிறதுனால புள்ளைக்கும் அப்படியே வரும்னு இல்லையாம். வராதுன்னும் சொல்ல முடியலையாம். அவங்க கண்ணு கலங்கிடுச்சு, நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். அப்புறம் மத்தவங்க மாதிரியே சிரிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். அம்மாவுக்குத் தெரியாது, ஜேனுக்குத் தெரியாது.

இத வெச்சு மருந்து கெட்டதுன்னு தொரைகிட்ட எழுதிக் குடுக்கலாமேன்னு அந்தம்மாகிட்ட கேட்டேன். முடியாதாம். ஒரு ஆளு கணக்குல வராதாம். எங்க கும்பல்ல எல்லாரும் கையொறைய மாட்டுறப்ப சிரிப்பாங்க, ஒண்ணுமே இல்லாததுக்குத் தொரைய நல்லா ஏமாத்துறோம்னு. நான் அந்தப் பக்கம் கன்னுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, கையொறையக் கழட்டாம அடிங்கன்னு மட்டும் சொல்லுவேன்.